மீன்தொட்டித் தண்ணீரில் ஷாக்: காலையில் மட்டும், அம்மாவுக்கு மட்டும்

சிப்புட் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில், பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறோம். அப்பா பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீடு இது. கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முன்னறையில் மரமேசை மீது மூன்றடி நீளத்தில், ஏறக்குறைய 140 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் ஒரே ஒரு ஃபிளவர்ஹார்ன் மீனை வளர்க்கிறோம். குஞ்சாக வாங்கிவந்தவன் தம்பி. அவன் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் இப்போது அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

தொட்டியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வடிகட்டி மோட்டார், வெளியே காற்று மோட்டார், மேலே எல்இடி விளக்கு ஆகியவை ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. போன மாதம் மீனின் உடலில் வெண்புள்ளி நோய் வந்தபோது, கல்லுப்புப் போட்டுத் தண்ணீரின் சூட்டை 30 டிகிரிக்கு ஏற்றச் சொன்னார்கள் என்று ஒரு ஹீட்டரும் வாங்கினோம். நோய் போய்விட்டது, ஹீட்டர் மட்டும் உள்ளேயே இருக்கிறது.

இரண்டு வாரங்களாக அம்மா ஒரு புகார் சொல்லி வருகிறார். காலை ஏழு மணிக்கு, மிச்சமான தீனியை எடுக்கத் தண்ணீரில் கை விட்டால் விரலிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுக்கிறதாம். நான் பகலில் கைவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வயதானதால் நரம்புக் கோளாறாக இருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். போன சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து தொட்டியைக் கழுவ நின்றோம். தரை அப்போதுதான் துடைத்த ஈரம். சிலிப்பர் போட்டிருந்த எனக்கு ஒன்றும் இல்லை. வெறுங்காலோடு நின்ற அம்மா கையை உதறிய வேகத்தில் தண்ணீர் இறைக்கும் குழாய் தெறித்துக் கீழே விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிலிப்பரைக் கழற்றிவிட்டு ஒரு விரலின் பின்புறத்தால் தண்ணீரைத் தொட்டேன். அம்மா சொன்னது முழுக்க உண்மை. டெஸ்ட் பேனாவைத் தண்ணீரில் வைத்தால் அதுவும் எரிகிறது.

மீன் வழக்கம்போல நீந்துகிறது. மெயின் சுவிட்ச் பெட்டியில் எதுவும் விழவில்லை. விளக்கை மட்டும் அணைத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார்; சிலிப்பர் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். எந்தக் கருவியில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்வளவு பலமாக ஷாக் அடித்தும், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி ஏன் விழவில்லை? மீனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தெரிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் 27 ஆண்டுகள் மின்சாரப் பகுதியைப் பார்த்தவன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், விளக்கத்தைப் பிறகு படியுங்கள். இந்தப் பதிலைப் பார்த்தவுடன், தண்ணீரையோ தொட்டியின் மீதுள்ள எந்தப் பொருளையோ தொடாமல், மெயின் சுவிட்சை இறக்குங்கள். அதன் பிறகு தொட்டிக்குப் போகும் எல்லா பிளக்குகளையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு பிளக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிறகு மெயினைப் போட்டுக்கொண்டு வீட்டு வேலையைப் பாருங்கள். காற்று மோட்டார் தண்ணீருக்கு வெளியே இருப்பதால், அதன் வயரும் பிளக்கும் காய்ந்து நல்ல நிலையில் இருந்தால், அதை மட்டும் ஓடவிடலாம். ஒரு மீனுக்கு இரண்டு மூன்று நாளைக்கு அந்தக் காற்று போதும். தொட்டிக்குள் கைவிட வேண்டிய நேரத்தில் அதையும் பிடுங்கிவிட வேண்டும்.

நீங்கள் எழுதியதில் மூன்று செய்திகள் என் கண்ணில் பட்டன: காலையில் மட்டும் அடிக்கிறது, வெறுங்காலுக்கு மட்டும் அடிக்கிறது, ஹீட்டர் போன மாதம் வந்தது. இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹீட்டரைத்தான்.

காலை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹீட்டருக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். இரவு மழை பெய்து விடியற்காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அது ஹீட்டரை இயக்கும். பகலில் வீடு சூடேறித் தண்ணீரும் 30 டிகிரியை நெருங்கிய பிறகு அதுவே துண்டித்துவிடும். கண்ணாடிக் குழாயில் விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே போயிருந்தால், ஹீட்டர் இயங்கும் நேரத்தில்தான் உள்ளே சூடேறும் கம்பிச் சுருளிலுள்ள மின்சாரம் தண்ணீருக்கு வரும். நீங்கள் பகலில் கைவிட்டபோது ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு கால் பிளக்கைத் திருப்பிச் சொருகினால், தெர்மோஸ்டாட், மின்சாரம் வரும் லைவ் பக்கத்துக்குப் பதிலாக அது திரும்பும் நியூட்ரல் பக்கத்தைத் துண்டிக்கும், சுருளில் எப்போதும் லைவ் நிற்கும். அப்போது பகலிலும் அடிக்கும். ஆகவே பகலில் அடிக்கவில்லை என்பதை நம்பி யாரும் கைவிட வேண்டாம்.

இனி வெறுங்கால். மின்சாரம் உடம்பின் வழியே போக வேண்டுமென்றால் உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும். தண்ணீரில் இருக்கும் கை உள்வழி, ஈரத் தரையில் இருக்கும் பாதம் வெளிவழி. சிலிப்பர் அந்த வெளிவழியை அடைத்துவிட்டது. மீனுக்கு வெளிவழியே இல்லை. கண்ணாடித் தொட்டி மரமேசை மீது தரையோடு தொடர்பில்லாமல் நிற்பதால், மீனும் அதைச் சுற்றியிருக்கும் தண்ணீரும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. மின்கம்பியில் குருவி உட்கார்ந்திருப்பது போலத்தான். மீன் நலமாக இருப்பதை வைத்துத் தண்ணீர் பாதுகாப்பானது என்று முடிவு செய்வது ஆபத்தான கணக்கு. நீங்கள் போட்ட உப்பும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனைக் கூட்டியிருக்கும்.

ஆர்சிசிபி ஏன் விழவில்லை என்பதுதான் உங்கள் கேள்விகளில் முக்கியமானது. லைவ் வழியாகப் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வேறு வழியில் கசிந்து நிலத்துக்குப் போகும் அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அது விழும். உங்கள் தொட்டியில் யாரும் கைவிடாத வரை கசிவதற்கு வழியே கிடையாது. அம்மா கைவிட்டபோதுதான் வழி பிறந்தது. அவர் உடம்பும் பாதமும் தரையும் சேர்ந்து 50,000 ஓம் தடையாக இருந்தன என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 மில்லியாம்பியர் போயிருக்கும். சுரீரென்று இழுக்க அது போதும். ஆனால் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிகூட அதற்கு விழாது. பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் சேர்த்து இருக்கும் 100 மில்லியாம்பியர் ஆர்சிசிபி அதை உணரவே உணராது.

அதே அம்மா ஒரு கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, மறு கையால் இரும்புக் குழாயையோ குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியையோ பிடித்திருந்தால் கணக்கு மாறிவிடும். ஈரக் கைகளுக்கு இடையே உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே கை இறுகிப் பிடித்ததை விடமுடியாமல் போகலாம். 30-க்கு மேல் சில நொடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. அதனால்தான் சிலிப்பர் போட்டுக்கொண்டால் போதும் என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

எல்லாவற்றையும் பிடுங்கியபின் ஹீட்டர் ஆற அரை மணி நேரம் விட்டு வெளியே எடுத்து, ரப்பர் மூடிக்கு அருகில் மயிரிழை போன்ற கோடோ, குழாயின் உட்புறத்தில் ஆவி படிந்த மங்கலோ, துருவின் பழுப்போ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மோட்டாரில் வயர் உடலுக்குள் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள். அங்கே இறுகி வெடித்திருந்தால் அதுவும் போக வேண்டியதுதான். டெஸ்ட் பேனா எரிவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மிகச் சிறிய, ஆபத்தில்லாத கசிவுக்கும் அது எரியும். சில நேரம் உண்மையான கசிவுக்கும் எரியாமல் ஏமாற்றும். கருவி வைத்து அளக்கும் வேலையை, சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரிடம் விடுங்கள். அவர் வரும்போது தொட்டியை மட்டுமல்லாமல் வீட்டின் எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

வண்ணமீன் கடைக்காரர் எழுதியது:

அக்கா, வணக்கம். கோலகங்சாரில் மீன்கடை வைத்திருக்கிறேன். சார்ஜ்மேன் அண்ணன் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கடையில் அன்றாடம் பார்ப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்களிடம் திரும்பி வரும் ஹீட்டர்களில் பெரும்பாலானவை தண்ணீர் மாற்றும்போது உடைந்தவை. பாதித் தண்ணீரை இறைத்தவுடன் ஹீட்டரின் மேல்பாதி வெளியே தெரியும். பிளக் சொருகியே இருந்தால் அந்தப் பகுதி காற்றில் கொதிக்கும். அதன் மேல் குழாயின் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி கீறிவிடும். கீறல் விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. தண்ணீர் உள்ளே மெல்லமெல்ல இறங்கி, ஒரு வாரம் கழித்துத்தான் காட்டும். அம்மா தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை முன்கூட்டியே பிடுங்கி ஆறவிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் வெண்புள்ளி மருத்துவம் முடிந்தபின் ஃபிளவர்ஹார்னுக்கு ஹீட்டர் தேவையே இல்லை. கேமரன் மலையில் வளர்ப்பவர்களுக்கு வேண்டுமானால் அது அவசியம்.

இன்னொன்று பிளக். மலிவான மோட்டாரும் விளக்கும் இரண்டு கால் பிளக்கோடுதான் வருகின்றன. நம் வீட்டுச் சுவரில் இருப்பது மூன்று கால் துளை. மேல்துளையில் பேனாவையோ டெஸ்ட் பேனாவையோ குத்தித் திறந்து இரண்டு காலைத் திணிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அப்படிச் சொருகினால் பிளக் தளர்ந்து சூடாகும். அதற்குரிய ஃபியூஸும் இல்லை. சிரிம் தரச்சான்று முத்திரையுள்ள அடாப்டர் வாங்குங்கள், அல்லது மூன்று கால் பிளக் மாட்டி உள்ளே 3 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். ஃபியூஸ் ஷாக்கைத் தடுக்காது, வயர் தீப்பற்றாமல்தான் காக்கும்.

தொட்டிக்கு அடியில் தரையில் எக்ஸ்டென்ஷன் கிடந்தால் அதை முதலில் இடம் மாற்றுங்கள். வயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்கு இறங்கினால், அதன் மேல் வழியும் தண்ணீரும் நேராக பிளக்குக்குள் போகும். பிளக்குக்குக் கீழே வயர் ஒருமுறை தொங்கி மேலேறுவது போல விட்டால், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். காற்று மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் வைக்க முடியும் என்றால், குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். கரண்ட் நின்றால் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி மோட்டாருக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

சில வாடிக்கையாளர்கள் தொட்டிக்குள் ஒரு டைட்டானியம் கம்பியை வைத்து அதை எர்த்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் ஷாக் நின்றுவிடுகிறது என்கிறார்கள். அதையும் யோசித்துப் பாருங்கள் அக்கா.

ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் எழுதியது:

தம்பி சொன்ன கடைசி யோசனையைப் பற்றி மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. மற்றவை எல்லாம் அனுபவத்தில் வந்த நல்ல சொற்கள்.

எர்த் கம்பி தவறான பொருள் அல்ல. ஒரு கருவி கசிந்தால், யாரும் கைவிடும் வரை காத்திருக்காமல், கசிவு அந்தக் கம்பி வழியே நிலத்துக்குப் போய் ஆர்சிசிபியை உடனே விழச் செய்யும். ஆனால் இதற்கு ஆர்சிசிபியும் எர்த்தும் இரண்டுமே ஒழுங்காக இருக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் என்பது வீட்டின் ஓரத்தில் மண்ணுக்குள் அடித்த ஒரு செம்புப் பூச்சுக் கம்பிதான். அந்தக் கம்பியோடு வரும் பச்சை வயர் எங்காவது அறுந்திருந்தால், வீட்டிலுள்ள எல்லா எர்த் வயர்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, நிலத்தோடு மட்டும் சேராமல் தொங்கும். அந்த நிலையில் தொட்டிக்குள் எர்த் கம்பியை வைத்தால், தண்ணீரில் இருக்கும் 230 வோல்ட் அந்தப் பச்சை வயர் வழியாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் போய்ச் சேரும். தொட்டியில் இருந்த ஆபத்து வீடு முழுக்கப் பரவிவிடும்.

ஆகவே எர்த்தை அளந்து பார்க்காத வீட்டில் அந்தக் கம்பியை வைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தப் பொத்தான் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு தடை வழியாகச் செயற்கையான கசிவை உண்டாக்குகிறது. மண்ணில் இருக்கும் கம்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எர்த் முழுக்க அறுந்திருந்தாலும் பொத்தான் அழுத்தினால் விழும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள், அது வேறு. எர்த்துக்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிப்புட் மகள் எழுதியது:

ஐயாவுக்கும் கடைக்காரத் தம்பிக்கும் மிக்க நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். எழுத நிறைய இருக்கிறது.

அன்றே எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஹீட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, ரப்பர் மூடிக்குக் கீழே, நகத்தால் வருடினால் மட்டும் தட்டுப்படும் ஒரு கீறல் இருந்தது. சாய்த்துப் பிடித்தால் குழாயின் அடியில் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர் உருண்டது. அம்மாவிடம் கேட்டேன். மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு, ஹீட்டரைப் பிடுங்க மறந்து பாதித் தண்ணீரை இறைத்ததாகவும், வாளியை ஊற்றியபோது டிக்கென்று ஒரு சத்தம் கேட்டதாகவும் சொன்னார்.

புதன்கிழமை பதிவு பெற்ற வயர்மேன் ஒருவர் வந்தார். ஐயா சொன்னபடி எர்த்தையும் பார்க்கச் சொன்னேன். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்டுபிடிப்பதற்காக அந்த ஹீட்டரை மட்டும் சற்று நேரம் இயக்கி, தண்ணீருக்கும் சுவர்த் துளையின் எர்த்துக்கும் இடையே அளந்தார். 117 வோல்ட் காட்டியது. நான் அவ்வளவுதானா என்று நினைத்தேன். அவர் பேசாமல் நீண்ட வயர் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்புறம் போய், கறிவேப்பிலை மரத்தடி ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதற்கும் தண்ணீருக்கும் இடையே அளந்தார், 229. அந்தக் கம்பிக்கும் சுவர் எர்த்துக்கும் இடையே 112. "தங்கச்சி, உங்கள் வீட்டு எர்த் நிலத்தில் இல்லை, அந்தரத்தில் இருக்கிறது" என்றார்.

பின்கட்டில் சமையலறையை நீட்டிக் கட்டியபோது எர்த் கம்பியின் மேல் சிமெண்ட் போட்டு மூடியிருக்கிறார்கள். அவர் ஓரத்தை உடைத்துப் பார்த்தபோது, கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் அரித்து, பச்சை வயர் கையோடு வந்துவிட்டது. வயரின் முனை பச்சைப் பொடியாக உதிர்ந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்ததோ தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா இன்னொன்றைச் சொன்னார். துணி துவைக்கும் இயந்திரத்தை ஈரக் கையால் தொட்டால் எறும்பு கடிப்பது போலச் சுறுசுறுவென்று இருக்குமாம். பல ஆண்டுகளாக அப்படித்தானாம். இயந்திரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எங்களிடம் சொல்லவில்லையாம். அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் எர்த் வயருக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடுவது இயல்பு என்றும், எர்த் நிலத்தோடு சேர்ந்திருந்தால் அது ஓசையில்லாமல் மண்ணுக்குப் போய்விடும் என்றும், எர்த் அறுந்ததால் அது இயந்திரத்தின் உடலிலேயே தங்கி நின்றிருக்கிறது என்றும் வயர்மேன் விளக்கினார். 112 என்று அவர் அளந்தது அதைத்தான். நான் அம்மாவின் பேச்சை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வேறு இடத்தில் ஐந்தடிக் கம்பி ஒன்றைப் புதிதாக அடித்தார். அளவு 7 ஓம் வந்தது; 10 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்றார். எங்கள் ஆர்சிசிபி நீங்கள் ஊகித்தபடி 100 மில்லியாம்பியர். பொத்தானை அழுத்தினால் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, சுவர்த் துளைகளுக்கு மட்டும் தனியாக 30 மில்லியாம்பியர் ஒன்று மாட்டினார். மோட்டாரை வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவியால் 500 வோல்ட்டில் சோதித்தார். அது நன்றாக இருக்கிறது. ஹீட்டரின் காப்புத் தடை ஏறக்குறைய பூஜ்யம். அதன் வயரை பிளக்கின் அடியிலேயே வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடச் சொன்னார், வேறு யாரும் எடுத்துச் சொருகிவிடக் கூடாது என்று.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எல்லாம் முடிந்த பிறகும் எல்இடி விளக்கின் அலுமினிய விளிம்பில் டெஸ்ட் பேனாவை வைத்தால் மங்கலாக எரிகிறது. அந்த விளக்குக்கு இரண்டு கால் பிளக்தான். இதை மாற்ற வேண்டுமா ஐயா?

ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் எழுதியது:

அம்மா நலமாக இருப்பதைப் படித்ததில் மிகுந்த நிம்மதி சகோதரி.

விளக்கைப் பொறுத்தவரை, அதன் மின்வழங்கிக்குள் இருக்கும் சிறு மின்தேக்கி வழியாக வருவதாகவே தெரிகிறது. எர்த் இல்லாத இரண்டு கால் கருவி என்பதால் அந்தக் கசிவு போக வழியில்லாமல் விளிம்பில் நிற்கிறது. நல்ல நிலையில் உள்ள விளக்கில் அதன் அளவு ஒரு மில்லியாம்பியரில் கால்பங்குக்கும் குறைவு. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் நான் அந்த விளக்கை மாற்றவே சொல்வேன். காரணம் இதுதான்: லேசாகச் சுறுசுறுவென்று இருப்பது இயல்பானது என்று கை பழகிவிட்டால், நாளைக்கு அதே விளக்குக்குள் தண்ணீர் இறங்கி உண்மையான கசிவு வரும்போது, அம்மா அதையும் இயல்பென்று பொறுத்துக்கொள்வார். துணி துவைக்கும் இயந்திரத்தில் நடந்தது அதுதானே. உடல் முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன, நீர்புகா விளக்காகப் பார்த்து வாங்குங்கள். அதுவரை விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடி மூடி போடுங்கள்.

இப்போது எர்த் சரியாகிவிட்டதால், தம்பி சொன்ன டைட்டானியம் கம்பியை வயர்மேன் வழியாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. வைத்தாலும் வைக்காவிட்டாலும், கை தண்ணீருக்குள் போகும் முன் பிளக் வெளியே வர வேண்டும்.

தோட்டத்து வாசி எழுதியது:

ஐயா, இடையில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். நாங்கள் இருப்பது செம்பனைத் தோட்டத்து நிறுவனக் குடியிருப்பு. பிள்ளைகள் கப்பி மீன் வளர்க்கிறார்கள். சிறு தொட்டி, ஒரே ஒரு மோட்டார். எங்கள் வீட்டு மெயின் பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றே தெரியவில்லை, டெஸ்ட் பொத்தான் எதுவும் காணவில்லை. வயரிங்கில் கைவைக்க எங்களுக்கு அனுமதியும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் எழுதியது:

தம்பி, மன்னிப்பு எதற்கு, இது கேட்க வேண்டிய கேள்வி.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவர்த் துளையில் சொருகி, அதன் மேல் கருவியின் பிளக்கைச் சொருகும் வகையில், ஆர்சிசிபி போலவே கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி அடாப்டர்கள் விற்கின்றன. வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. வீட்டு எர்த் அறுந்திருந்தாலும், பிள்ளையின் கை வழியாகத் தரைக்குக் கசிவு எல்லையைத் தாண்டினால் அது ஒரு நொடியின் சிறு பங்குக்குள் துண்டிக்கும். எல்லைக்குக் கீழே இருந்தால் சுரீர் என்ற அடி விழத்தான் செய்யும். அதை நீக்கும் மருந்து பிளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான். மீனைத் தொட வேண்டும் என்றால் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவையுங்கள். யாராவது ஷாக்கில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை இறக்கிவிட்டு, 999-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மெயின் பெட்டி உங்கள் பொறுப்பு அல்ல. 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் கசிவுப் பாதுகாப்பைக் கேட்கின்றன: கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியர், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10. தொழிலாளர் வீடுகளை நல்ல நிலையில் பராமரிக்கும் கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் முதலாளி மீது வைத்திருக்கிறது. ஆகவே தயங்காமல் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பெட்டியில் டெஸ்ட் பொத்தான் இல்லை என்பதையும், எர்த்தை அளந்து தர வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் கேட்காமல், அதே வரிசையில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களிடமும் இயந்திரத்தைத் தொட்டால் சுறுசுறுக்கிறதா என்று விசாரித்து, அவர்களுடைய வீட்டு எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் தேதி போட்டு, வாங்கியவரிடம் ஒரு நகலில் கையெழுத்துப் பெற்று வையுங்கள்.